பிறப்புரிமைக்கும் பத்திரத்துக்கும் இடையில்: இந்துக் குடும்பச் சொத்தில் மகளின் பங்கு

1. கேள்வி

இந்துக் குடும்பச் சொத்தில் மகனுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுமைக்கும் 2005 முதலும் சட்டம் இதைச் சொல்லிவருகிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு எஞ்சியிருந்த முக்கியமான ஐயத்தையும் நீக்கியது. ஆயினும் 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடி நிலத் தொகுதிகளில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே. பரப்பளவில் அது 12 விழுக்காட்டையும் எட்டவில்லை. இந்தக் கணக்கில் எல்லா மதத்துப் பெண்களும் அடக்கம். கணவர் வழியாக நிலம் பெற்ற கைம்பெண்களும் அடக்கம். அப்படியானால் பிறந்த வீட்டிலிருந்து மகளாகப் பங்கு பெற்றவர்கள் எத்தனை குறைவாக இருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

இந்த இடைவெளிக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கங்கள் இரண்டு. பெண்களுக்குச் சட்டம் தெரியவில்லை என்பது ஒன்று. சமூகம் இன்னும் மாறவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே சட்டத்தைக் குற்றமற்றதாக்கி, பழியை முழுவதுமாகச் சமூகத்தின்மேல் போட்டுவிடுகின்றன. மகளின் பங்கு கைநழுவும் வழிகள் பலவும் சட்டத்துக்கு உள்ளேயே இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டம் மகளுக்குச் சமத்துவத்தை ஒருவகைச் சொத்தில் மட்டும் பிறப்புரிமையாகத் தந்தது. அந்தச் சொத்து வகையோ தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிவருகிறது. மற்ற சொத்துகளைத் தந்தையின் விருப்பத்துக்கும், குடும்பத்தார் நீட்டும் பத்திரத்தில் மகள் இடும் கையெழுத்துக்கும் விட்டுவிட்டது.

2. 1956க்கு முந்தைய நிலை

தென்னிந்திய இந்துக்களின் சொத்துரிமை மிதாட்சர மரபைச் சார்ந்தது. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேஸ்வரர் எழுதிய உரையே மிதாட்சரம். இம்மரபின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோருக்குப் பிறக்கும்போதே உரிமை வந்துவிடும். இவர்களே பங்குரிமையர்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகாது. உயிரோடு இருக்கும் மற்றப் பங்குரிமையர்களிடம் சேர்ந்துவிடும்; இதுவே எஞ்சியோர் உரிமை. மகளுக்கு இதில் இடமில்லை. மணமாகும்வரை பராமரிப்பும், மணச் செலவும் மட்டுமே அவளுக்கு உரியவை.

ஆனால் இதே மரபு ஒருவர் தாமே ஈட்டிய தனிச் சொத்தில் மகளை முற்றாக விலக்கவில்லை. மகனோ மகன்வழிப் பேரனோ கொள்ளுப்பேரனோ இல்லாதபோது மனைவியும், மனைவிக்குப் பின் மகளும் வாரிசாவர். இறந்தவரின் உடன்பிறந்தார் மக்கள் மகளுக்குப் பிறகே வருவர். சென்னை மாகாண வழக்கில் அவள் பெற்றது ஆயுட்கால அளவிலான வரையறுக்கப்பட்ட உரிமை என்றாலும், உரிமை உரிமைதான்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அருணாசல கவுண்டர் வழக்கு சேலம் நீதிமன்றத்தில் தொடங்கியது. 1938இல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் தனியாக வாங்கிய நிலம் பற்றியது அது. அவர் 1949இல் இறந்தபோது அவருக்கு இருந்தது ஒரே மகள். நிலம் மகளுக்கா, இறந்தவரின் சகோதரர் மகனுக்கா என்பது கேள்வி. விசாரணை நீதிமன்றம் 1994இலும் உயர் நீதிமன்றம் 2009இலும் சகோதரர் மகன் பக்கமே நின்றன. தனிச் சொத்துக்கு எஞ்சியோர் உரிமை பொருந்தாது, 1956க்கு முன்பும் அது மகளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பழைய சட்டம் தந்திருந்த சிறிய உரிமையைக்கூட நடைமுறையில் எவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடிந்தது என்பதற்கு இவ்வழக்கு சான்று.

சமத்துவக் கோரிக்கை தமிழ் மண்ணில் தாமதமாக எழுந்ததன்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் சொத்துரிமைக்கென்றே ஓர் இயல் உண்டு. சட்டமோ மெல்லவே நகர்ந்தது. மத்தியில் 1937இல் வந்த சட்டம் கைம்பெண்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமை தந்தது. மகளைப் பற்றி அது பேசவில்லை.

3. 1956: பாதி வழியில் நின்ற சீர்திருத்தம்

பி. என். ராவ் குழு வகுத்த இந்துச் சட்டத் தொகுப்பின் வரைவில் மகளுக்கு மகன் பங்கில் பாதி தரப்பட்டிருந்தது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோது தேர்வுக் குழு அதைச் சம பங்காக உயர்த்தியது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அந்த வரைவு முன்வைத்தது. பிறப்பால் வரும் பங்குரிமையையும் எஞ்சியோர் உரிமையையும் அறவே நீக்கி, ஒவ்வொருவர் சொத்தையும் அவரவர் தனிச் சொத்தாக்கி, அது எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகட்டும் என்றது. நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மசோதா முடங்கிய நிலையில் 1951இல் அம்பேத்கர் பதவி விலகினார்.

ஐந்தாண்டு கழித்து வந்த 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த வரைவின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் தனிச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாகச் சம பங்கு பெற்றனர். பெண்ணின் வரையறுக்கப்பட்ட உரிமை 14ஆம் பிரிவின்படி முழு உரிமையானது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனால் கூட்டுக் குடும்பப் பங்குரிமை ஆண்களுக்கானதாகவே நீடித்தது. தந்தை இறக்கும்போது அவருக்குரிய பங்கில் ஒரு பங்கு மட்டும் மகளுக்குக் கிடைத்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கக் கேட்கும் உரிமையும் 23ஆம் பிரிவால் மறுக்கப்பட்டது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். மணமாகாதவள், கைவிடப்பட்டவள், கணவனைப் பிரிந்தவள், கைம்பெண் ஆகியோருக்கே அங்கே குடியிருக்கும் உரிமை இருந்தது.

4. மாநிலங்களிலிருந்து மத்திக்கு

அடுத்த மாற்றம் தெற்கிலிருந்து வந்தது. இரண்டு வழிகள் அப்போது முன்னே இருந்தன. கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. ஆந்திரம் 1985இல் வேறு வழியைத் தேர்ந்தது: பங்குரிமையை ஒழிக்காமல் மகளையும் பங்குரிமையர் ஆக்கியது. தமிழ்நாடு ஆந்திர வழியைப் பின்பற்றி 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தை இயற்றியது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் 1994இல் சேர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டுத் திருத்தத்தில் ஒரு கடுமையான வரம்பு இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களுக்கு அது பொருந்தாது. மணத்தோடு மகள் குடும்பத்திலிருந்து வெளியேறிவிடுகிறாள் என்ற பழைய எண்ணம் சீர்திருத்தச் சட்டத்துக்குள்ளேயே புகுந்திருந்தது. ஒரே வீட்டில் முன்னதாக மணமான அக்காளுக்கு ஒன்றுமில்லை, மணமாகாத தங்கைக்குச் சம பங்கு என்ற நிலை பல குடும்பங்களில் நிலவியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. மணமானவளோ ஆகாதவளோ, மகள் பிறப்பாலேயே பங்குரிமையர் ஆனாள். குடியிருப்பு வீடு பற்றிய 23ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுசெய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்த பாகப்பிரிவினைகள் காப்பாற்றப்பட்டன.

பிறகு பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி நின்றன: 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? இருக்க வேண்டும் என்றது 2015இன் பூலவதி தீர்ப்பு. 2018இன் தானம்மா தீர்ப்பு, 2001இலேயே தந்தையை இழந்த மகள்களுக்கும் பங்கு தந்தது. இம்முரணை 2020இன் வினீதா சர்மா தீர்ப்பு தீர்த்தது. உரிமை பிறப்பால் வருவதால் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டன்று என்றது அது. வாய்மொழிப் பாகப்பிரிவினை நடந்துவிட்டதாகச் சொல்லி மகளை விலக்கும் வாதத்துக்கும் அது கதவடைத்தது. பொது ஆவணங்களால் உறுதியாக நிறுவப்படும் அரிய சந்தர்ப்பங்களுக்கு மட்டும் விலக்களித்தது. பதிவு செய்யாத கூர்சீட்டை வைத்துக்கொண்டு குடும்பங்கள் நிலம் பிரித்துக்கொள்ளும் தமிழ்நாட்டில் இதன் பயன் பெரிது.

தேதி குறித்த சர்ச்சை இத்துடன் ஏறக்குறைய தீர்ந்தது. ஆனால் தேதியையே பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொரு கேள்வி பின்னுக்குப் போய்விட்டது: எந்தச் சொத்தில் இந்தப் பிறப்புரிமை?

5. பதினெட்டு ஏக்கரின் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தந்தை, தாய், ஒரு மகன், ஒரு மகள். சொத்து 18 ஏக்கர். தந்தை உயில் எழுதாமல் இறக்கிறார். தென்னிந்திய வழக்கில் பாகப்பிரிவினையின்போது மனைவிக்குத் தனிப் பங்கு இல்லை என்பதை நினைவில் கொள்வோம்.

முதலில், கூட்டுக் குடும்பச் சொத்து, 1956ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் இருந்த காலம். தந்தைக்கும் மகனுக்கும் ஆளுக்கு 9 ஏக்கர். தந்தையின் 9 ஏக்கர் மூவருக்கும் மும்மூன்றாகப் பிரியும். முடிவில் மகனுக்கு 12, மகளுக்கு 3, தாய்க்கு 3.

அடுத்து, அதே கூட்டுக் குடும்பச் சொத்து, 2005க்குப் பின். தந்தை, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு 6 ஏக்கர். தந்தையின் 6 ஏக்கர் மூவருக்கும் இரண்டிரண்டாகப் பிரியும். மகனுக்கு 8, மகளுக்கு 8, தாய்க்கு 2.

மூன்றாவதாக, அதே நிலம் தந்தையின் தனிச் சொத்தாக இருந்தால் ஆளுக்கு 6.

இரண்டாவது கணக்கைக் கவனிக்க வேண்டும். மகளின் பங்கு 3 ஏக்கரிலிருந்து 8 ஏக்கராக உயர்ந்தபோது தாயின் பங்கு 3இலிருந்து 2 ஆகக் குறைந்திருக்கிறது. பங்குரிமையர் எண்ணிக்கை கூடினால் தந்தையின் பங்கு சிறுக்கும். தந்தையின் பங்கை மட்டுமே நம்பியிருக்கும் மனைவியின் பங்கும் உடன் சிறுக்கும். மகளைப் பங்குரிமையர் ஆக்குவதைவிடப் பங்குரிமையையே ஒழிப்பது மேல் என்று பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் போன்றோர் வாதிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒழித்திருந்தால் மூவருக்கும் சமமாகக் கிடைத்திருக்கும்.

ஆனால் கணக்கில் உயிலைச் சேர்த்தால் முடிவு தலைகீழாகிறது. தந்தை தமக்குரியது முழுவதையும் மகனுக்கு எழுதிவைக்கிறார் என்போம். கூட்டுக் குடும்பச் சொத்தாயின், 2005க்குப் பின் அவரால் எழுத முடிவது தம் 6 ஏக்கரை மட்டுமே. மகளின் 6 ஏக்கரை உயில் தொடாது. தனிச் சொத்தாயின் 18 ஏக்கரும் மகனுக்குப் போய்விடும். மகளுக்கும் தாய்க்கும் ஒன்றும் மிஞ்சாது. பிறப்புரிமை மட்டுமே மகளைத் தந்தையின் உயிலிலிருந்து காக்கிறது. அதை ஒழித்தால் சமத்துவம் முழுவதும் தந்தையின் மனப்போக்கைச் சார்ந்ததாகிவிடும். ஒழிப்பு ஒன்றே தீர்வு என்ற வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

பிறப்புரிமை பொருந்தும் சொத்தும் இன்று எவ்வளவு? பாட்டன் வழியாக வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து, அதில் பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்பது ஊரில் பரவலான நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956க்குப் பின் ஒருவர் தம் தந்தையிடமிருந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி வாரிசாகப் பெற்ற சொத்து அவருடைய தனிச் சொத்தே என்று 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016இன் உத்தம் தீர்ப்பும் இதே திசையில் சென்றது. ஆகவே பாட்டன் 1970இல் தம் தனிச் சொத்தை விட்டு இறந்திருந்தால், அதில் தந்தைக்குக் கிடைத்த பங்கில் பேத்திக்குப் பிறப்புரிமை இல்லை. தந்தை அதை விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம், உயில் எழுதலாம். சம்பளத்தில் வாங்கிய மனையும் தொழிலில் ஈட்டிய கட்டடமும் தொடக்கத்திலிருந்தே தனிச் சொத்துகள்தான். நகரமயமாகும் தமிழ்நாட்டில் பெரும் மதிப்புள்ள சொத்துகள் இவையே. மகளின் பிறப்புரிமை உறுதியாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் அந்த உரிமை நிற்கும் நிலம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

6. பத்திரம் வழி நடக்கும் இழப்பு

உயில் ஒரு வழி. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன்களுக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் இன்னொரு வழி. மூன்றாவது, மிகவும் இயல்பாக நடப்பது, விடுதலைப் பத்திரம். தந்தை இறந்தபின் அல்லது வீடு விற்க வேண்டிவரும்போது, அக்காளும் தங்கையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துவரப்பட்டு, தங்கள் உரிமையைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்திடுகிறார்கள். இதைக் குடும்பங்கள் வெறும் சம்பிரதாயம் என்றே கருதுகின்றன. கையெழுத்திட மறுப்பவளே சண்டைக்காரி ஆகிறாள்.

அந்தக் கையெழுத்து எந்த நிலையில் இடப்பட்டது என்பதைச் சட்டம் மிகக் குறைவாகவே விசாரிக்கிறது. எழுதிக்கொடுப்பவர் இவர்தானா, கையெழுத்து இவருடையதா என்பதே பதிவின்போது பார்க்கப்படும் முதன்மைச் செய்தி. தன் பங்கு எவ்வளவு, அதன் வழிகாட்டி மதிப்பு என்ன, கைம்மாறாக என்ன பெற்றாள் என்று மகளிடம் தனியாகக் கேட்கும் கட்டாயம் இல்லை. தந்தை உயிரோடு இருக்கும்போது அவருடைய தனிச் சொத்தில் மகளுக்கு இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. சொத்து மாற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அதை மாற்றிக்கொடுக்க முடியாது. ஆனாலும் அத்தகைய பத்திரங்கள் எழுதப்படுகின்றன. பணம் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுத்திருந்தால், பின்னாளில் உரிமை கோருவதிலிருந்து நீதிமன்றம் அவளைத் தடுக்கவும் கூடும்.

வழக்குக்குப் போனாலும் பாதை எளிதன்று. தான் விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். சொத்தின் கூட்டு அனுபவத்தில் அவள் இருந்தால் தமிழ்நாட்டில் நிலையான சிறு கட்டணம் போதும். விலக்கப்பட்டவள் என்றாலோ தன் பங்கின் சந்தை மதிப்பின்மேல் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். அதிகம் இழந்தவளே அதிகம் செலவிட வேண்டியிருக்கிறது.

7. சீர் செய்தாயிற்று என்ற வாதம்

மகளுக்குப் பங்கு மறுப்பதை நியாயப்படுத்தும் வாதங்களையும் எடைபோட வேண்டும். நகையும் சீரும் கல்யாணச் செலவுமே அவளுக்கான பங்கு என்பது முதல் வாதம். சில குடும்பங்களில் அது பெருந்தொகை என்பதும் உண்மை. ஆனால் அவ்வாறு கொடுப்பதில் பெரும்பகுதி அவள் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. வரதட்சணை என்பது 1961 முதல் குற்றம். ஒரு குற்றத்தை ஓர் உரிமைக்கு ஈடாகக் கணக்கில் வைக்க முடியாது. தேய்ந்து செலவாகும் பொருளும், மதிப்பு வளரும் நிலமும் ஒன்றல்ல. மகனின் படிப்புக்கும் தொழிலுக்கும் கொடுத்தது யார் பங்கிலும் கழிக்கப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

மகன்தான் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறான் என்பது இரண்டாவது வாதம். மூத்தோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள் இருவர்மேலும் பொறுப்பைச் சுமத்துகிறது. கடமையில் சமம் என்றால் உரிமையிலும் சமமே நியாயம். உண்மையில் கூடுதலாகப் பராமரித்த பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தந்தைக்கு வழி இருக்கட்டும். அதற்காக மற்றப் பிள்ளையை முழுவதும் விலக்க வேண்டியதில்லை.

சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்பது மூன்றாவது அச்சம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதற்கு விடை வைத்திருக்கிறது. பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்தை விட்டு, உயில் எழுதாமலும் பிள்ளையின்றியும் ஒரு பெண் இறந்தால், அது அவள் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். அநீதி வேறிடத்தில் இருக்கிறது: அவள் தானே சம்பாதித்த சொத்து, கணவனும் பிள்ளையும் இல்லாதபோது, கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது, அவளுடைய பெற்றோர் அதற்குப் பின்னரே வருகிறார்கள். 2009இல் ஓம் பிரகாஷ் வழக்கில் இந்த விதி அப்படியே நடைமுறைப்படுத்தப்பட்டது.

8. ஆய்வுகள் காட்டுவது

மாநிலத் திருத்தங்களின் விளைவைப் பொருளியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒருபடித்தானவை அல்ல. கிளாஸ் டைனிங்கர், அபர்ணா கோயல், ஹரி நாகராஜன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, திருத்தத்தால் மகள்கள் நிலம் பெறும் வாய்ப்பு கூடியது, ஆயினும் பாகுபாடு மறையவில்லை என்றது. சஞ்சாரி ராயின் 2015ஆம் ஆண்டு ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: மகள்களின் வாரிசுப் பங்கு கூடவில்லை; பெற்றோர் நிலத்தை முன்கூட்டியே மகன்களுக்குக் கொடுத்துவிட்டு, மகள்களுக்குக் கூடுதல் படிப்பாலோ கூடுதல் வரதட்சணையாலோ ஈடுசெய்தனர். சோனியா பலோத்ரா, ரேச்சல் புரூலே, சஞ்சாரி ராய் இணைந்து செய்த பிந்தைய ஆய்வு, சீர்திருத்தத்துக்குப் பின் மகன் வேண்டும் என்ற விருப்பம் வலுத்ததைக் காட்டியது.

இந்த மூன்றும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். சட்டத்தின் அமைப்போடு வைத்துப் பார்த்தால் மூன்றும் பொருந்துகின்றன. உயில், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் என்று வெளியேறும் வழிகள் திறந்திருக்கும்போது சில குடும்பங்கள் சட்டத்துக்கு இணங்கும், சில அதைச் சுற்றிப்போகும், சில மகளே வேண்டாம் என்று நினைக்கும். உரிமையை வழங்கிவிட்டு வழிகளைத் திறந்துவைத்தால் கிடைக்கும் விளைவு இதுதான்.

உரிமை உண்மையிலேயே கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனின் உடல்வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலம், வீடு இரண்டும் சொந்தமாக உள்ளவர்களில் அது 7 விழுக்காடு. சொத்துள்ள பெண்ணுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்பதே வன்முறையைத் தடுக்கும் வலிமையாகிறது. மகளின் பங்கு பற்றிய விவாதத்தை வெறும் பணக் கணக்காகப் பார்ப்பவர்கள் இந்த எண்களை மறக்கக் கூடாது.

9. முடிவாக

மகளுக்குச் சம உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இனிக் கேட்க வேண்டியது, அந்த உரிமை கைமாறும் தருணத்தில் அவளுக்குக் காவல் யார் என்பதே. மூன்று மாற்றங்கள் இன்றியமையாதவை.

முதலாவது, உயிலுக்கு வரம்பு. இந்தியாவிலேயே முஸ்லிம் சட்டத்தில் ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல், மற்ற வாரிசுகளின் ஒப்புதலின்றி, உயிலால் கொடுக்க முடியாது. இதையொத்த வரம்பு ஒன்றைத் தனிச் சொத்துக்கும் வைத்து, வாழ்நாள் தானங்களுக்கும் ஏற்ற கட்டுப்பாடு வகுத்தால், பங்குரிமை என்ற பழைய ஏற்பாட்டைச் சார்ந்திராமலேயே மகளுக்கும் மனைவிக்கும் குறைந்தபட்சப் பங்கு உறுதியாகும். அம்பேத்கர் காலத்து வரைவின் சமத்துவமும் 2005இன் பாதுகாப்பும் அப்போது ஒன்றுசேரும்.

இரண்டாவது, விடுதலைப் பத்திரத்துக்குத் தனி நடைமுறை. பங்கின் அளவும் வழிகாட்டி மதிப்பும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். குடும்பத்தார் இல்லாத இடத்தில் சார்பதிவாளர் அதை மகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்தைத் திரும்பப் பெற ஒரு காலக்கெடு தர வேண்டும். மனமார விட்டுக்கொடுக்கும் மகளுக்கு இதனால் இழப்பில்லை.

மூன்றாவது, விலக்கப்பட்ட மகள் தொடுக்கும் பாகப்பிரிவினை வழக்குக்கும் நிலையான கட்டணமே போதும் என்ற திருத்தம். இதை மாநில அரசே செய்யலாம். 1989இல் நாட்டுக்கு முன்னோடிகளில் ஒன்றாக நின்ற தமிழ்நாட்டுக்கு இது இயலாத செயலன்று. பிறப்பிலேயே தந்த உரிமையை இறுதிக் கையெழுத்துவரை காப்பதும் சட்டத்தின் கடமை.